மாதிரி நோயாளி

ஒரு மனிதன் தன் உயிரை மாய்த்துக்கொள்வானா மாட்டானா என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு தாள் போதும் என்பது அந்த மனநல மருத்துவத் துறையின் அசையாத நம்பிக்கை. தாளின் பெயர் அபாய மதிப்பீட்டுப் படிவம். இடது பக்கம் கேள்விகள், வலது பக்கம் 'ஆம்', 'இல்லை' என்று கட்டங்கள். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' விழுந்தால் குறைந்த அபாயம்; வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கலந்து விழுந்தால் நடுத்தர அபாயம். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். எல்லாமே 'ஆம்' என்றால் உயர் அபாயம். அப்போது வார்டில் கட்டில் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காலியாக இல்லையென்றால் அதுவும் நடுத்தர அபாயம்தான்.

இந்தப் படிவத்தை உருவாக்கியவர் துறைத் தலைவர். அவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். ஒரு மாநாட்டுக்கு ரயிலில் போனபோது எதிர் சீட்டுக்காரர் தன் குடும்பக் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். அவரிடமிருந்து தப்பிப்பதற்காகக் காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்ததுதான் இது என்று ஒவ்வோர் ஆண்டும் புது மேற்படிப்பு மாணவர்களிடம் அவரே பெருமையாகச் சொல்வார். ஒருவர் பேச்சைக் கேட்காமல் இருப்பதற்காகப் பிறந்த சாதனம் என்று யாருக்கும் உறுத்தியதில்லை. மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

அந்த மாணவர்களில் ஒருவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் விழுந்திருந்தது. முதலாண்டில் செமினார் ஒன்றில் கண்ணசந்து, தலை போய் முன் பெஞ்சில் இடித்ததன் பலன். மற்றபடி சாதாரணமானவன். நோயாளி வந்தால் "வாங்க, உட்காருங்க" என்பான். அது பாடத்திட்டத்தில் இல்லாததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

இறுதியாண்டில் ஒருநாள் வெளிநோயாளர் பிரிவில் அவனிடம் ஒரு பெயிண்டர் வந்தார். சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர். நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. மனைவி இறந்துபோன பிறகு எதிலும் மனசு ஒட்டவில்லை என்றார். தூங்குமூஞ்சி படிவத்தை எடுத்துக் கேள்விகளைப் படித்தான். ஒவ்வொன்றுக்கும் அவர் "இல்லைங்க" என்றார். குறைந்த அபாயம். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், விடாமல் சாப்பிடுங்கள் என்றான். பெயிண்டர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே உட்கார்ந்துக்கட்டுமா டாக்டர்?"

வரிசை நீளமாக இருந்தது. "வெளியில பெஞ்ச் இருக்கு. அங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க" என்றான் தூங்குமூஞ்சி.

அந்த வாரமே பெயிண்டர் தன் உயிரை முடித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது.

மரண ஆய்வுக் கூட்டம் செமினார் அறையில் நடந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட் வைத்திருந்தார்கள். தூங்குமூஞ்சி, தன்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்ற முடிவோடு போய் நின்றான். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பெரிய டாக்டர் படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வருத்தமான விஷயம்தான். ஆனா நாம உணர்ச்சிவசப்படக் கூடாது. உணர்ச்சி நம்ம பாடம். நம்ம வேலை இல்ல. கேள்வி என்ன? படிவம் நிரப்பியாச்சா? நிரப்பியாச்சு. ஒரு கட்டமாவது காலியா இருக்கா? இல்ல. கையெழுத்து, தேதி, சீல் எல்லாம் இருக்கு. என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான படிவத்தை நான் பார்த்ததே இல்ல. ஆள் போயிட்டார், ரெக்கார்டு நிக்குது. எந்த கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும்."

"சார், அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரட்டுமான்னு கேட்டார்."

"அந்தக் கேள்வி படிவத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அது மருத்துவத் தகவல் இல்லப்பா."

நோயாளி மருத்துவருக்குத் தவறான பதில்கள் அளித்திருக்கிறார் என்று கூட்டம் முடிவு செய்தது. இறந்தவர் மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லாததால் அத்தோடு விட்டார்கள். படிவத்தில் பெயிண்டரின் பெயரை மறைத்து, நகலெடுத்து, லேமினேஷன் செய்து, 'இப்படி நிரப்பவும்' என்ற தலைப்போடு தாழ்வாரத்தில் மாட்டினார்கள். தூங்குமூஞ்சி தினமும் அதைத் தாண்டித்தான் வார்டுக்குப் போக வேண்டும்.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் போயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. சாப்பாடு மண்ணாக இருந்தது. குளிக்கப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று நிற்பான். அம்மா இறந்த பிறகு அவனை வளர்த்தவள் அக்கா. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மத்தியானம் போன் செய்வாள்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேன்க்கா."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லக்கா. வேலை."

"ஊரார் மனசையெல்லாம் சரி பண்ற ஆளு நீ. உனக்கு ஒண்ணுன்னா பக்கத்துலயே அத்தனை டாக்டர் இருக்காங்க. எனக்கு அந்தக் கவலையே இல்லப்பா" என்று அக்கா சிரிப்பாள். அவனும் அவளுக்காகச் சிரித்து வைப்பான்.

அக்கா சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அவனுக்குப் பட்டது. அத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள்; யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டால் போதும், உட்கார வைத்துக் கேட்பார்கள். இதற்குத்தானே எல்லோரும் படித்திருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை. அதற்கும் ஒரு வாய்ப்பு வந்தது.

நேர்காணல் பயிற்சி வகுப்பில் மாணவர்களில் ஒருவர் டாக்டராகவும் இன்னொருவர் நோயாளியாகவும் நடிப்பது வழக்கம். அன்றைக்கு டாக்டராக உட்கார்ந்தவள் முதலாண்டு மாணவி. ஆள் குள்ளம் என்பதால் குட்டி டாக்டர் என்பார்கள். நோயாளியாக நடிக்க யாரும் கை தூக்காததால் பெரிய டாக்டர் தூங்குமூஞ்சியைக் காட்டினார். "மனச்சோர்வு கேஸ். நீ பண்ணு. முகம் ஏற்கெனவே ரெடியா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். குட்டி டாக்டர் நடுங்கும் குரலில், "உங்களுக்கு என்ன கஷ்டம், சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கேள்வியை அவனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. தூக்கமில்லாததைச் சொன்னான். சாப்பாட்டைச் சொன்னான். ஒரு மனிதர் தன்னிடம் கொஞ்ச நேரம் உட்காரக் கேட்டதையும், தான் பெஞ்சைக் காட்டியதையும் சொன்னான். "எனக்கு இருக்கணும்னே தோணலங்க" என்று சொன்னபோது குரல் உடைந்து அழுதுவிட்டான். பக்கெட்டில் சொட்டு விழுந்தது மட்டும் கேட்டது. கேட்டுவிட்டார்கள், இனி யாராவது எழுந்து வருவார்கள் என்று அவன் நினைத்தான்.

கை தட்டினார்கள். பெரிய டாக்டர் எழுந்து நின்றே தட்டினார்.

"இதுதான் நடிப்பு! நம்ம சொந்த கேஸையே எடுத்து எப்படிப் பின்னியிருக்கான் பாருங்க. ஒரே ஒரு குறை. நிஜ நோயாளி இவ்வளவு கோர்வையா பேச மாட்டான். அழுகையும் கொஞ்சம் ஓவர். அடுத்த தடவை பாதியா குறைச்சுக்கோ."

அடுத்த தடவை என்பது அதே வாரத்தில் வந்தது. பிறகு வந்துகொண்டே இருந்தது. செவிலியர் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள், காவலர் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், ஒரு மாநாட்டில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். போன இடத்திலெல்லாம் அவன் உண்மையைத்தான் சொன்னான். இந்தக் கூட்டத்தில் ஒருவராவது புரிந்துகொள்ள மாட்டாரா என்ற நப்பாசை அவனுக்கு. எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களுக்கு மதிப்பெண் விழுந்தது. அவனுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

ஒருமுறை இந்த 'கேஸு'க்கு என்ன மருந்து கொடுப்பது என்று ஒரு செமினாரே வைத்தார்கள். தூங்குமூஞ்சி முன்வரிசையில் பேனாவோடு போய் உட்கார்ந்தான். பரீட்சைக்குக்கூட அவ்வளவு ஆவலாகக் குறிப்பெடுத்ததில்லை. உதவிப் பேராசிரியர்களில் ஒருவர் பழைய மாத்திரைக் கட்சி, இன்னொருவர் புது மாத்திரைக் கட்சி.

"பழசு வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், ஒத்துக்கறேன். ஆனா படுத்தவனை எழுப்பி உட்கார வைக்கும்" என்றார் பழைய மாத்திரைக்காரர்.

"எழுப்பி உட்கார வெச்சா மயங்கி விழுவான்! புதுசைக் குடுங்க. ஆரம்பத்துல கொஞ்சம் குமட்டும், பதறும். அப்புறம் ஆளே மாறிடுவான்."

"பதறினா யார் பக்கத்துல இருந்து பார்த்துக்கறது?"

"அது மருந்தியல் கேள்வி இல்லையே!"

இருவரும் வரைபடங்களைத் திரையில் போட்டு ஒருவர் கோட்டை ஒருவர் அழித்தார்கள். வேஷ்டியை மடித்துக் கட்டாத குறைதான். கடைசியில் பெரிய டாக்டர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு தரப்பும் அருமை. ரெண்டு மாத்திரையும் நல்லது. மேலும் ஆய்வு தேவை. இப்போதைக்குச் சாப்பாடு தேவை."

நாற்காலிகள் நகர்ந்தன. "அப்ப எனக்கு எது சார்?" என்று தூங்குமூஞ்சி கேட்டேவிட்டான்.

அறை குலுங்கிச் சிரித்தது. "வேஷத்தைக் கலைக்கவே மாட்டேங்கறான் பாரு!" என்று பழைய மாத்திரைக்காரர் முதுகில் தட்டினார். புது மாத்திரைக்காரரும் தட்டினார். அன்று அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

மறுநாள் அவன் பெரிய டாக்டரின் அறைக்கே போனான். போய் நேராகச் சொன்னான். "சார், நான் நடிக்கல."

"தெரியும்ப்பா. நடிக்கிறவன் மாட்டிக்குவான். நீ வாழற. வித்தியாசம் எனக்குத் தெரியாதா?"

"அதில்ல சார். நிஜமாவே எனக்கு முடியல. காலையில எழுந்தா எதுக்கு எழுந்தோம்னு இருக்கு."

பெரிய டாக்டர் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "'எதுக்கு எழுந்தோம்.' அடடா, இந்த வரியை நீ மாநாட்டுல சொல்லவே இல்லையே! சேர்த்துக்கோ."

"சார், ப்ளீஸ்."

"இந்த 'ப்ளீஸ்' மட்டும் வேண்டாம். நம்ம நோயாளிங்க ப்ளீஸ் சொல்ல மாட்டாங்க."

பெரிய டாக்டரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அன்று மாலையே அவர் தூங்குமூஞ்சிக்காக ஒரு திட்டம் தீட்டினார். 'திடீர் மாதிரி நோயாளித் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஆட்களுக்கு நடிக்கப் பயிற்சி கொடுத்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளிநோயாளர் வரிசையில் அனுப்பி, டாக்டர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று மதிப்பெண் போடுவது. திட்டப் பொறுப்பாளன் தூங்குமூஞ்சி. நல்ல வேலைக்காரன் என்பதால் விதிகளையும் ஒழுங்காகவே எழுதினான். எந்த நிலையிலும், யார் கேட்டாலும், நடிக்க வந்தவர் தான் மாதிரி நோயாளி என்று ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது முக்கியமான விதி.

திட்டம் தொடங்கியதும் துறையே தலைகீழானது. வருகிறவர்களில் யார் நிஜம், யார் பரீட்சை என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. அதனால் எல்லோரையும் எழுந்து நின்று வரவேற்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். "உங்க வலி எனக்குப் புரியுது" என்று கதவைத் திறக்கும்போதே சொன்னார்கள். வேலை போன வாட்ச்மேன் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் கடைசிவரை கேட்டுவிட்டு அவர் காதோடு, "பிரமாதம். தோள் குலுங்கறதுதான் கொஞ்சம் செயற்கையா இருக்கு" என்றார். வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மருந்தகத்தில் வேறு பிரச்சினை. நடிக்க வந்தவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்தால் வீண் செலவு என்று கணக்குப் பிரிவு ஆட்சேபித்தது. ஆகவே, 'இவர் உண்மையான நோயாளி' என்று சான்றிதழ் வாங்கி வந்தால்தான் மாத்திரை என்று அறிவிப்பு ஒட்டினார்கள். சான்றிதழுக்கு டாக்டர்களிடம் போனால், விதிப்படி நடிகர்களும் உண்மையென்றுதானே சொல்வார்கள், எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று கையை விரித்தார்கள். மாத்திரை கிடைக்காதவர்கள் நடையைக் கட்டினார்கள். வரிசை குறைந்தது. நோயாளிகள் வேகமாகக் குணமடைகிறார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் தூங்குமூஞ்சி, நடிகர்கள் வந்து சொல்லச் சொல்ல, காலையிலிருந்து மாலை வரை மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தான். பார்வை எத்தனை, மௌனம் எத்தனை, குரல் எத்தனை என்று கை தானாகக் கணக்கிட்டது. ஒருநாள் கேன்டீனில் ஒரு பெண் போனில் யாரிடமோ அழுவதைப் பார்த்தான். இடைவெளி நன்றாக விடுகிறாள் என்று முதலில் தோன்றிவிட்டது. தோன்றிய பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. இனியும் தள்ளிப்போட்டால் தான் மிஞ்சப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லோரையும்போலச் சீட்டு எடுத்து, தன் சொந்தப் பெயரில் வரிசையில் நின்றான். குட்டி டாக்டரின் அறை கிடைத்தது. அவள் அடித்துப் பிடித்து எழுந்தாள்.

"சார்! நீங்களேவா? இன்னிக்கு டெஸ்ட்டா?"

"டெஸ்ட் இல்லம்மா. சீட்டு எடுத்து வந்திருக்கேன். நிஜமாவே எனக்கு முடியல."

"எல்லாரும் அப்படித்தானே சார் சொல்லணும். நீங்க எழுதின விதிதானே."

அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்ற விதத்தைப் பார்த்தோ என்னவோ, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சரி, பரவாயில்ல. சொல்லுங்க சார்."

அவன் சொன்னான். எத்தனையோ மேடையில் சொன்னதுதான். ஆனால் இவள் படிவத்தை எடுக்கவில்லை, பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டாள். கோர்வை தப்பியது, வார்த்தை சிக்கியது, மேடையில் ஒருநாளும் சொல்லாததும் வெளியே வந்தது.

"அந்தப் பெயிண்டர் கேட்டப்ப உங்களுக்கு என்ன சார் தோணுச்சு?"

"டீ குடிக்கப் போகணும்னு தோணுச்சு" என்றான். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் தேற்றவில்லை, தடுக்கவில்லை, கூடவே உட்கார்ந்திருந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவனுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. ஒருவர் கேட்டுவிட்டார் என்று இருந்தது.

பிறகு அவள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், எனக்கும் தூக்கமே இல்ல. அன்னிக்கு கிளாஸ்ல நீங்க பேசினப்ப நானும் சேர்ந்துதான் கை தட்டினேன். அப்புறம் ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து யோசிச்சா, நீங்க சொன்னது அத்தனையும் எனக்கும் இருக்கு. வீட்டுல சொன்னா டாக்டருக்கு என்னடி வியாதிங்கறாங்க. இங்க சொன்னா கை தட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு. உங்ககிட்ட சொல்லலாம்னு ரொம்ப நாளா நினைச்சேன் சார்." அவள் கண்ணில் நீர் வழிந்தது.

தூங்குமூஞ்சி அவள் முகத்தைப் பார்த்தான். கையை நீட்டப் போனான். நீட்டியிருந்தால் இரண்டு பேர் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் மதிப்பெண் தாளின் கடைசி வரி அவனுக்கு மனப்பாடம். 'சுயவெளிப்பாடு: நோயாளியின் நம்பிக்கையைப் பெற மருத்துவர் தன் துயரத்தையும் சிறிது பகிர்தல்.' எவருமே தொடாத வரி அது. தொட்டால் தனி மதிப்பெண். குட்டி டாக்டர் கெட்டிக்கார மாணவி. கதவைச் சாத்திய இடம், குரல் தாழ்ந்த இடம், கண்ணீர் வந்த இடம், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நிஜமா, பரீட்சையா? அவள் கண்ணுக்குள் பார்த்தான். எதுவும் தெரியவில்லை. அப்படியென்றால் இவ்வளவு நேரம் அவள் கேட்டதும் மதிப்பெண்ணுக்காகத்தான் என்று அவன் முடிவு செய்துகொண்டான். இளகியது மறுபடி இறுகியது.

"நல்லா பண்ணினம்மா" என்றான். "கண்ணீர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு."

குட்டி டாக்டர் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"சரி சார்" என்றாள். "இனிமே வராம பார்த்துக்கறேன்."